ஏடு தொலைந்தால் உரிமை தொலையும்!

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அந்த ஏழையின் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லையென்றால், அம்பலத்தின் வாசலைக்கூட அவனால் மிதிக்க முடியாது.

திண்டுக்கல் நகரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சிறுமலை தெரியும். அங்கும் கொடைக்கானல் மலைச் சரிவுகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் பளியர்கள். அவர்களைப் போன்றோருக்காகவே 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்ந்து வரும் பழங்குடியினர் உரிமை கோரலாம். ஆனால், ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். அரசுப் பதிவேடு, வரைபடம், பழைய கிணறு, இடுகாடு, எழுத்தில் பதிவு செய்த பெரியவர்களின் வாக்குமூலம் எனப் பலவற்றை விதிகள் ஏற்கின்றன.

சான்று இல்லையென்றால் என்ன ஆகும்? 2019 பிப்ரவரி 13 அன்று, கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடெங்கும் லட்சக்கணக்கான குடும்பங்கள் நடுங்கின. பதினைந்து நாளில் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் பாடம் நிற்கிறது.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று 2013-இல் 12 கிராம சபைகளைக் கேட்டார்கள். டோங்கிரியா கோண்டு உள்ளிட்ட மலைமக்கள் 12 சபைகளிலும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். பெரும் நிறுவனம் பின்வாங்கியது. ஒரு கிராம சபைத் தீர்மானத்தின் வலிமை அது! ஊர்த் தீர்மானமும், ஆட்சியரிடம் கொடுத்த மனுவின் நகலும் வெறும் தாள்கள் அல்ல. ஒரு மக்களின் அரசியல் ஆவணங்கள்.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களுக்காக ஜெய்பால் சிங் முண்டா எழுப்பிய குரலை இன்றும் நாம் படிக்க முடிகிறது. அதே சபையில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் ஆற்றிய உரைகளும் கிடைக்கின்றன. காரணம், அவை பதிவாயின. இன்று இணையத்திலும் ஏறிவிட்டன. அமெரிக்காவில் உலகப் பூர்வகுடி ஆய்வு மையம் 1992-லேயே பூர்வகுடி மக்களின் அரசியல் ஆவணங்களைத் திரட்டிக் கணினி வழியே பகிரத் தொடங்கிவிட்டது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் நம் ஈழத்துத் தமிழர்கள். அவர்கள் 2005 முதல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தை வளர்த்து வருகிறார்கள். ஒரே அலமாரியில் இருப்பது ஒரே தீயில் போகும்; ஆயிரம் இடத்தில் இருப்பதை எந்தத் தீயும் தீண்டாது.

"இதில் நமக்கென்ன?" என்று கேட்கலாம். தோல் பதனிடும் தொழிலுக்குக் கடுக்காய் எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து. மலைத்தேன் யார் கையிலிருந்து கடைக்கு வந்தது? வணிகப் பெருமக்களே! உங்கள் பாட்டனார் எழுதிய பழைய பேரேடுகளைப் புரட்டுங்கள். இன்ன ஆண்டில், இன்ன மலையூரில் கடுக்காய் வாங்கினோம் என்று ஒரு வரி இருந்தால், அந்த ஊர் அன்றே அங்கிருந்தது என்பதற்கு அது வரலாற்றுச் சாட்சி. பழைய காகிதக்காரனிடம் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள்.

இளைஞர்களே! உங்கள் கைபேசியே ஒரு நகல் இயந்திரம். மலையூர்ப் பெரியவர்கள் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்திருக்கும் மனுக்களையும் தீர்மானங்களையும் படமெடுத்து, தேதியும் ஊர்ப் பெயரும் குறித்துப் பாதுகாக்க உதவுங்கள். ஆனால், ஓர் எல்லை உண்டு. ஊர் கூடிச் சம்மதம் தராமல் எதையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். மூலிகை இருக்குமிடம், தேன்பாறை, வழிபாட்டிடம் ஆகியவை அவர்களது அமானிதம். அதை ஊரறியச் செய்வது உதவியல்ல, துரோகம். மூல ஆவணம் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். முதல் நகலும் அவர்களுக்கே.

தன் உரிமைக்கான ஏட்டைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்த அனுபவம் நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. அந்த அலைச்சலின் வலி தெரிந்தவர்கள், பக்கத்து மலையில் அலைபவனுக்குக் கைகொடுக்க வேண்டாமா?