ஃபிட்டிங் ஃப்ரீ

கார் ஆடியோ விற்கும் கடைகளில் "ஃபிட்டிங் ஃப்ரீ" என்று பெரிதாக எழுதி வைத்திருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆம்ப்ளிஃபயர் என்பது ஒரு பெட்டி. ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் அதே பெட்டிதான். வண்டியோடு வந்த ஸ்டீரியோவுடன் அதை ஒழுங்காகச் சேர்க்கிறார்களே, அந்த வேலைதான் நிஜமான சரக்கு. அதை இனாமாகத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எதையோ விட்டுவிட்டுத்தான் தருவார்.

ஆம்ப் போடுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. கம்பெனி ஸ்டீரியோக்களில் நாலு சேனலுக்கும் தலா 50 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர், மிஞ்சிப்போனால் 15. எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட். 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 140 வாட்ஸ். அதில் கணிசமான பங்கு சூடாகப் போய்விடும். பிறகு 200 வாட்ஸ் எங்கிருந்து வெளியே வரும்? சேனலுக்கு 20 தேறினால் பெரிது. ஹைவேயில் ஜன்னலை இறக்கிவிட்டு ராஜாவின் பேஸ் கிதாரைக் கேட்க ஆசைப்படுகிறவனுக்கு அது போதாதுதான். நானே அந்த ரகம்.

ஆனால் பெட்டியின் மேல் "2000 வாட்ஸ்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறோமே, அது இன்னொரு ஸ்டிக்கர். ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதுதான் கணக்கு. நிஜமான 400 வாட்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல கிளாஸ் டி ஆம்ப் என்றாலும் 500 வாட்ஸ் இழுக்கும். 14-ஆல் வகுத்தால் 36 ஆம்பியர். உங்கள் வீட்டு ஒன்றரை டன் ஏசி இழுப்பது சுமார் 8 ஆம்பியர். இப்போது புரியும், சீட்டுக்கு அடியில் எதைப் படுக்கப் போட்டிருக்கிறோம் என்று.

"12 வோல்ட்தானே சார், ஷாக்கா அடிக்கப்போவுது?" என்பார்கள். ஷாக் அடிக்காது. தீப்பிடிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கிற பாட்டரி, ஷார்ட் ஆன வயருக்கும் அதே தாராளத்தோடு கொடுக்கும்.

போன மாதம் என் தங்கை பையன் புதுக் காரில் ஆம்ப் போட்டுக்கொண்டு வந்தான். கடை எது என்று சொல்லப்போவதில்லை. பானெட்டைத் திறந்தால், பாட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சிவப்பு வயர் நேராகக் கிளம்பி, எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஓட்டை போட்டு நுழைந்திருக்கிறது. நடுவில் ஃப்யூஸ் கிடையாது. ஓட்டையில் ரப்பர் குரோமெட் கிடையாது. தகட்டின் கூர்முனை வயரின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"ஆம்ப்லயே ரெண்டு ஃப்யூஸ் இருக்கே மாமா" என்றான்.

இருக்கிறதப்பா, டிக்கியில். அது ஆம்ப்பைக் காப்பாற்ற. பாட்டரியிலிருந்து அதுவரைக்கும் வருகிற நாலைந்து மீட்டர் வயரைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? மின்சாரத்தோடு முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன் என்கிற முறையில் சொல்கிறேன்: ஃப்யூஸ் கரண்ட் புறப்படும் இடத்தில் இருக்க வேண்டும், போய்ச்சேரும் இடத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள். அளவும் வயரைப் பொறுத்தது. 8 கேஜ் செம்பு வயருக்கு 60 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. செம்பு என்று நான் சொல்வது செம்பு. இனாம் வயரிங் கிட்டில் வருவது பெரும்பாலும் அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் வெள்ளையாகப் பல்லிளிக்கும். கரண்டைக் கடத்துவதில் அசல் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு தேறாது.

ஸ்டீரியோ பக்கத்து வேலையும் லேசுப்பட்டதல்ல. இந்தக் காலத்து ஸ்டீரியோவில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் கிடையாது. இரண்டு வயரிலும் சிக்னல் இருக்கிறது. பழைய பழக்கத்தில் மைனஸைப் பாடியில் சேர்த்தால் உள்ளே இருக்கும் ஐ.சி. காலி. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வேண்டும், இல்லாவிட்டால் லைன் கன்வெர்ட்டர் வேண்டும். சில வண்டிகளில் வால்யூமைக் கூட்டக் கூட்ட ஸ்டீரியோவே பேஸைக் குறைத்துவிடும், சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க. அந்தக் குறைந்த பேஸைத்தான் உங்கள் ஆம்ப் பெரிதாக்கித் தரும். இதைக் கடையில் யாராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? அப்புறம் மஞ்சள் உறை போட்ட வயர்கள். அவை ஏர்பேகுக்கானவை. அவசரத்தில் கை வைக்கிற இடமில்லை.

கடைக்காரர்களை மட்டும் திட்டி என்ன பயன்? பதினெட்டாயிரம் ரூபாய்ப் பெட்டியைப் பேரம் பேசாமல் வாங்குகிற நம் ஆள், நல்ல வயர், ஃப்யூஸ், அரை நாள் கூலி என்று மூவாயிரம் கேட்டால் "அடுத்த கடையில ஃப்ரீ சார்" என்று கிளம்பிவிடுகிறான். அந்த மூவாயிரம் கேட்டவர்தான் தொழில் தெரிந்தவர். வயரை வெட்டாமல் கப்ளர் வைத்துச் சேர்க்கிறவரும் அவராகத்தான் இருப்பார். ஷோரூமில் வாரண்டிப் பேச்சு வரும்போது அந்தக் கப்ளர்தான் கைகொடுக்கும்.

இன்ஷூரன்ஸையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி விலையில் சேராத மின்சாமான் எதுவானாலும் ஐ.எம்.டி. 24 என்ற சேர்க்கையின் கீழ் தனியாகப் பிரீமியம் கட்டினால்தான் அதற்குக் காப்பீடு. பாலிசியைப் புரட்டிப் பாருங்கள், அந்த எண் இருக்கிறதா என்று.

ஏற்கெனவே ஆம்ப் போட்டவர்கள் இன்றைக்கே பானெட்டைத் திறந்து, பாட்டரி பிளஸ்ஸில் இருந்து கிளம்பும் அந்தத் தடித்த வயரைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் வரவில்லையென்றால், முதலில் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். பிறகு அந்த வயரை மட்டும் பிளஸ்ஸிலிருந்து எடுத்து, முனைக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி, மைனஸைத் திரும்ப மாட்டிவிட்டு, பாட்டுக் கேட்காமல் கடைக்கு ஓட்டிக்கொண்டு போங்கள்.