பள்ளியில் காய்கறித் தோட்டம் தேவையா?



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது" என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. எழுத்தையும் எண்ணையும் கற்பிப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இப்பழமொழியை நாம் எடுத்தாளுகிறோம். மண்ணைத் தொட்டுப் பயிர் செய்யும் பழக்கத்திற்கும் இஃது அப்படியே பொருந்தும் என்பது என் துணிபு. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் மாணவர் கையால் வளரும் காய்கறித் தோட்டம் ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை இக்கட்டுரையில் முன்வைக்க விழைகிறேன்.

இக்கருத்து என் உள்ளத்தில் வேரூன்றக் காரணமான ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுகிறேன்.

நான்காம் ஆண்டு மாணவர்களிடம் ஒருநாள் மிளகாய்ச் செடியின் படத்தை வரையுமாறு பணித்தேன். எளிய வேலைதான் என்று எண்ணினேன். ஆனால், பெரும்பாலோர் வரைந்தது மாமரம் போன்றதொரு பெரிய மரம்! ஒரு மாணவன் காய்கள் தரையை நோக்கித் தொங்குவதாக வரைந்திருந்தான். அவன் அருகில் இருந்த மாணவியோ காய்கள் வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்பதாக வரைந்திருந்தாள். "தொங்கும்" என்றனர் சிலர். "நிற்கும்" என்றனர் சிலர். வகுப்பே இரு கட்சியாகப் பிரிந்தது. செடியைக் காட்டி வழக்கைத் தீர்க்கலாமென்றால் பள்ளி வளாகம் முழுவதிலும் ஒரு மிளகாய்ச் செடி கூட இல்லை. ஒரு வேளையும் மிளகாய் சேராத கறியை உண்டறியாத பிள்ளைகளுக்கு மிளகாய் காய்க்கும் விதம் தெரியவில்லை என்பதை எண்ணி நாணினேன். அந்நாணம் பிள்ளைகளைப் பற்றியதன்று. அவர்களுக்குக் கற்பிக்க வந்த என்னைப் பற்றியதே.

மறுநாள் காலை அம்மாணவியின் பாட்டியார் இரண்டு பழைய மைலோ டின்களில் இரண்டு செடிகளை ஏந்தியவராய்ப் பள்ளி வாயிலில் நின்றார். ஒன்று பெரிய மிளகாய். மற்றொன்று ஊசி மிளகாய், மலாய்க்காரர் 'சிலி பாடி' என்று வழங்குவது. பெரியது தொங்கிக்கொண்டிருந்தது, சிறியது நிமிர்ந்து நின்றது. "ரெண்டு பிள்ளையும் சரியாத்தான் வரைஞ்சிருக்கு வாத்தியாரே" என்றார் அவர். "நீங்களே வகுப்புக்குள் வந்து இதைச் சொல்லுங்கள் அம்மா" என்று வேண்டினேன். "நான் படிக்காதவ, எனக்கு என்னங்க தெரியும்?" என்று பின்வாங்கினார். வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். அன்று அரைமணி நேரம் அவர் பேசியதைப் பிள்ளைகள் கேட்டது போல் என் பாடத்தை அவர்கள் கேட்டதில்லை. முப்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். லயத்தின் பின்புறத்தில் மிளகாய், கத்தரி, வெண்டை, பயற்றங்காய், முருங்கை ஆகியவற்றை வளர்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

'தோட்டம்' என்னும் சொல்லை இங்கே சற்று எண்ணிப் பாருங்கள். மலேசியத் தமிழராகிய நமக்கு அச்சொல் இரு பொருள் தருவது. ஒன்று, நம் பாட்டன் பாட்டியர் கூலிக்கு உழைத்த ரப்பர்த் தோட்டம், செம்பனைத் தோட்டம். மற்றொன்று, அவர்கள் வேலை முடிந்து வந்து லயத்தின் பின்னே தமக்கென்று வளர்த்த காய்கறித் தோட்டம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறியபோது முதல் தோட்டத்தை விட்டு நீங்கினோம்; அது காலத்தின் போக்கு. ஆனால், இரண்டாம் தோட்டத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோமே, அதுதான் இழப்பு.

மிளகாயின் வரலாறும் நம் பிள்ளைகள் அறியத்தக்கதே. நம் பண்டைத் தமிழர் காரத்திற்குப் பயன்படுத்தியது மிளகு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய பயிர். 1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் வந்திறங்கிய பின்னர்ப் போர்த்துக்கீசியர் வழியே அஃது இந்தியாவை அடைந்தது. மிளகைப் போல் காரமுடைய காய் ஆதலின் 'மிளகாய்' என்று பெயரிட்டு நம்மவர் அதனைத் தம்முடையதாக்கிக் கொண்டனர். நம்மைப் போலவே கடல் கடந்து வந்து, வந்த மண்ணில் வேரூன்றிய செடி அது. இச்செய்தியைச் செடியின் அருகில் நின்று சொல்லிப் பாருங்கள். வரலாறு பிள்ளைகளின் உள்ளத்தில் பதியும்.

நம் நாட்டு வரலாறும் ஒன்றை மீண்டும் மீண்டும் உணர்த்துகிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது, மரவள்ளிக் கிழங்கே பலரின் உயிரைக் காத்தது. விலைவாசி ஏறிய காலத்தில், 1974ஆம் ஆண்டு, அந்நாள் பிரதமர் துன் அப்துல் ரசாக் 'பச்சைப் புத்தகத் திட்டம்' ஒன்றைத் தொடங்கி, வெற்று நிலங்களில் உணவுப் பயிர் வளர்க்குமாறு மக்களைத் தூண்டினார். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, சந்தைகளும் போக்குவரத்தும் முடங்கியதால் கேமரன் மலை விவசாயிகள் விளைந்த காய்கறிகளைக் கொட்டி அழிக்க நேர்ந்தது. ஒருபுறம் விளைச்சல் வீணாக, மறுபுறம் பட்டணத்தில் மக்கள் கீரைக்கு அலைந்தனர். வாசலில் இரண்டு மிளகாய்ச் செடியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வைத்திருந்தவர்கள் அந்நாளில் சிறிதேனும் நிம்மதியாய் இருந்தனர்.

தோட்டத்தில் பிள்ளைகள் கற்பது யாது? பாட்டியார் துணையுடன் நாங்கள் பள்ளியின் பின்புறம் நான்கு பாத்திகள் அமைத்தோம். அங்குக் கண்டவற்றையே கூறுகிறேன்.

நன்கு பழுத்த மிளகாயின் விதையை நிழலில் உலர்த்தி விதைத்தால் 7 முதல் 10 நாள்களில் முளைக்கும். நான்கைந்து வாரங்களில், நான்கு முதல் ஆறு இலைகள் விட்டதும், இரண்டடி இடைவெளியில் பெயர்த்து நடலாம். நட்டபின் காய் பறிக்க ஏறத்தாழ மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கீரையும் கங்கோங்கும் அவ்வாறல்ல. விதைத்த நான்கு வாரங்களில் பறித்துவிடலாம். ஆகவே, பொறுமை குறைந்த சிறு பிள்ளைகளுக்குக் கீரைப் பாத்தியும், பெரிய மாணவர்க்கு மிளகாய்ப் பாத்தியும் ஒதுக்கினோம். நம் நாட்டு மழை வன்மையானது. ஆதலின் பாத்தி உயர்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் வேர் அழுகும். நம் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மையுடையது. நடுவதற்கு முன்னர்ச் சிறிது சுண்ணாம்பு கலந்தால் செடி செழிக்கும். கோழி எருவை நன்கு மக்கிய பின்னரே இடவேண்டும். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும். எருவை அளவின்றி இட்டால் இலை மட்டுமே தழைக்கும், காய் குறையும். "ரொம்பச் செல்லம் குடுத்தா பிள்ளையும் இப்படித்தான்" என்று பாட்டியார் கூறியபோது பிள்ளைகளைக் காட்டிலும் பெற்றோரே மிகுதியாகச் சிரித்தனர்.

இடர்களும் வந்தன. ஒரு பாத்தியில் இலைகள் சுருண்டன. இலையைத் திருப்பி உருப்பெருக்கியால் பார்த்தபோது இலைப்பேன்கள் ஊர்வதைக் கண்டோம். வேப்பெண்ணெயைச் சிறிதளவு சவர்க்கார நீரில் கலந்து மாலை வேளையில் தெளித்தோம். சில செடிகள் பிழைத்தன, சில பிழைக்கவில்லை. நச்சுயிரி தாக்கிய செடியைப் பிடுங்கி எறிந்தால்தான் மற்றவை பிழைக்கும் என்றபோது, தன் பெயரெழுதிய செடியைப் பிடுங்க மனமின்றி ஒரு மாணவன் அழுதான். பின்னர் அவனே பிடுங்கினான். அன்று அவன் கற்றதை எந்தப் பயிற்சி நூலில் கற்பிக்க இயலும்?

அறுவடையும் ஒரு கல்வியே. வெண்டைக்காயைப் பிஞ்சாகவே பறித்தல் வேண்டும். இரண்டு நாள் மறந்தால் நார் ஏறிவிடும். மிளகாயைக் காம்புடன் பறித்தால் நெடுநாள் வாடாது. பறித்தவற்றை எண்ணி, நிறுத்து, வாரந்தோறும் பட்டியலிட்டனர் பிள்ளைகள். கணக்குப் பாடம் தானே நடந்தது.

பறித்ததை விற்றுப் பணமாக்கலாம் எனச் சிலர் கருதினர். நான் உடன்படவில்லை. விளைவித்தவர் முதலில் உண்ணட்டும் என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை தாய்மார் சிலர் வந்து, கீரையைக் கடைந்தும், வெண்டைக்காயைப் புளிக்குழம்பாக்கியும், பயற்றங்காயைத் தேங்காய்ப்பூ இட்டுப் பிரட்டியும் சமைத்தனர். வெண்டைக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பின்னரே நறுக்கினால் வழவழப்புக் குறையும் என்பதைப் பையன்களும் அறிந்துகொண்டனர். மிஞ்சிய மிளகாயைக் கீறி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து மோர்மிளகாய் ஆக்கினோம். மிளகாயின் காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையில்தான் உள்ளது என்பதும், அக்காரப் பொருள் நீரில் கரையாது கொழுப்பில் கரைவதால் நாக்கு எரியும்போது தண்ணீரினும் தயிரே நன்று என்பதும் அன்று நாவால் கற்ற அறிவியல். வீட்டில் கீரையைத் தொடாத பிள்ளைகள் தாம் வளர்த்த கீரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டனர்.

இனி, எதிர்ப்புகளைக் கருதுவோம்.

'நேரம் ஏது?' என்பர் சிலர். முன்னர் ஆறாம் ஆண்டுத் தேர்வைக் காட்டித் தோட்ட வேலையை ஒதுக்கினோம். 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது, அக்காரணம் வலுவிழந்தது. வாரம் ஒரு பாடவேளை போதும். 'இடம் ஏது?' என்பர். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் நல்ல மண்ணிருந்த இடத்தைச் சிமெந்திட்டு வண்டி நிறுத்துமிடமாக்கியதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். இடமே இல்லாத பள்ளிகளில் பழைய வாளிகளும் பூச்சட்டிகளும் உதவும். நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் படும் மாடியோரம் இருந்தால் போதும். 'கொசு பெருகும்' என்பது நியாயமான அச்சம். சட்டியின் அடியில் தட்டு வைக்காதிருந்தால் நீர் தேங்காது. வைத்தால் மணலிட்டு நிரப்புக. 'விடுமுறையில் யார் நீர் ஊற்றுவது?' என்பதே கடினமான வினா. பெற்றோர் ஆசிரியர் சங்கம் முறைவைத்து இதனை ஏற்க வேண்டும். முதல் விடுமுறையில் இதனை மறந்து, பாதிச் செடிகளை நாங்கள் இழந்தோம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பண மிச்சம் என்று ஆசை காட்டவும் நான் விரும்பேன். நான்கு பாத்தியால் எக்குடும்பமும் செல்வமடையாது.

எல்லாவற்றினும் என் நெஞ்சைத் தைத்த எதிர்ப்பு ஒன்றுண்டு. ஒரு தந்தையார் என்னிடம் வந்து, "எங்க அப்பா, தாத்தா எல்லாம் மண்வெட்டி புடிச்சது போதும் சார். என் பிள்ளை பேனா புடிக்கத்தான் பள்ளிக்கு அனுப்புறேன்" என்றார். அவர் சொல்லில் இருந்த வலியை நான் மதிக்கிறேன். தோட்டத்து வாழ்வின் துன்பத்தை அறிந்தவர் எவரும் அதனை எள்ளி நகையாடார். எனினும், அவருக்கு நான் கூறிய மறுமொழி இதுதான்: நம் முன்னோர் பிறர் நிலத்தில் பிறர்க்காக உழைத்தனர். லயத்தின் பின்னே இருந்த அச்சிறு நிலத்தில் மட்டுமே அவர்கள் தமக்காக உழைத்தனர். அதன் விளைச்சலை எவரும் எடைபோட்டுக் கூலி பேசவில்லை. அடிமைத்தனத்தின் அடையாளமன்று அந்த மண்வெட்டி. அவர்களுக்கிருந்த உரிமையின் அடையாளம். பேனாவைப் பிடிக்கும் கை அதையும் பிடிக்க அறிந்திருந்தால் பேனாவின் பெருமை குறையாது. அவர் முழுதும் ஒப்பவில்லை. ஆயினும், சமைத்த வெள்ளிக்கிழமையன்று மகனுடன் வந்து உண்டு சென்றார்.

ஆகவே, என் வேண்டுகோள் மூன்று. மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒரு பாத்தி வழங்குக. ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு செடியேனும் வீட்டிற்குக் கொண்டுசென்று வளர்க்கட்டும். தோட்டப்புறத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியரைப் பள்ளிக்கு அழைத்து, அவர்கள் வாயால் பாடம் கேட்போம். எதை எப்போது விதைப்பது, எதை எவ்வாறு காப்பது என்னும் அறிவு அவர்களிடம் உள்ளது. அஃது ஏட்டில் ஏறாமலே அவர்களோடு மறைந்துவிடுமாயின், அவ்விழப்பை ஈடுசெய்ய நம்மால் இயலாது.

"நான் படிக்காதவ" என்று வாயிலில் தயங்கி நின்ற அப்பாட்டியார் இப்போது வாரந்தோறும் பள்ளிக்கு வருகிறார். பிள்ளைகள் அவரைக் கண்டதும் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர் பாட்டி!" என்கின்றனர். பள்ளியில் காய்கறித் தோட்டம் தேவையா என்னும் வினாவிற்கு அந்த வணக்கமே என் விடை.