மணமில்லாச் செடியின் மணம்

மலரின் மணத்தைப் போற்றாத நாடில்லை. மலரே இல்லாத செடியொன்றின் மணத்தைப் போற்றுவாரும் உளர் எனின், கேட்பார் நகைப்பர். ஆயினும் அஃது உண்மையே. பெரணி என்னும் செடி பூப்பதில்லை, காய்ப்பதுமில்லை, இலையின் அடிப்புறத்தே தூள்போன்ற நுண்வித்துக்களைத் தாங்கி இனம் பெருக்குவது. வண்டினை அழைக்கும் வேலை இன்மையின், மணமும் அதற்கு வேண்டாவாயிற்று. உலர்ந்த புல்லின் வாசம் வீசும் சிலவகை உளவேனும், பெரும்பாலான பெரணிகளைக் கசக்கி முகர்ந்தால் பச்சிலை வாடையன்றிப் பிறிதொன்றும் தோன்றாது. அங்ஙனமாகவும், ஆடவர் அணியும் வாசனைநீர்களுள் புகழ்மிக்க ஒரு குடும்பம் அச் செடியின் பெயராலேயே வழங்குகின்றது. பிரெஞ்சு மொழியில் ‘ஃபூழேர்’ என்பது பெரணி. இக் குடும்பத்தினை மதித்தற்கு உரிய முறை யாது, இந்நாளில் அதற்கு நேர்ந்துள்ள இடர் யாது என்பனபற்றி எம் கருத்தினைச் சிறிது கூற விழைகின்றோம்.

பாரிசு மாநகரில் 1775ஆம் ஆண்டில் தோன்றிய ஊபிகான் நிறுவனத்தின் வாசனை வல்லாராய் விளங்கிய போல் பார்க்கே என்பார், 1882ஆம் ஆண்டில் ‘ஃபூழேர் ருவாயால்’ என்னும் வாசனைநீரை ஆக்கினார். ‘அரச பெரணி’ என்பது அப் பெயரின் பொருள். அதற்கு உயிராய் நின்றது கூமரின் என்னும் பொருள். அறுத்து உலர்த்திய புல்லின் இன்மணமும், தென்னமெரிக்காவில் வளரும் டோங்கா மரத்து விதையின் இன்மணமும் கூமரினால் ஆவன. இதனை 1868ஆம் ஆண்டில் தம் இரசாயனச் சாலையில் ஆக்கிக் காட்டியவர் ஆங்கில அறிஞர் வில்லியம் பெர்க்கின். 1856ஆம் ஆண்டில் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தவரும் அவரே. பார்க்கே இக் கூமரினோடு லாவெண்டரையும், நாரத்தை இனத்ததாகிய பெர்கமாட் கனியின் தோலெண்ணெயையும், ஜெரேனியத்தையும், ஓக்குப்பாசியையும் இயைத்தார். நிழலும் ஈரமும் பசுமையும் பொருந்திய ஒரு காடு மூக்கின் வழியே மனத்தில் எழுந்தது. அது பெரணியைப் பிழிந்து பெற்ற மணம் அன்று. பெரணிக்கு மணம் இருப்பின் எத்தகையதாய் இருக்கும் என்று எண்ணிப் பெற்ற மணம்.

இயற்கையில் இல்லாததை இயற்கையின் பெயரால் வழங்குதல் பொய்யாகாதோ எனின், ஆகாது என்போம். என்னை? முல்லைத்திணைச் செய்யுளை மதிப்பவர், அதன்கண் முல்லை மலரின் வருணனை எத்துணை உண்டு என்று அளந்து மதிப்பதில்லை. தலைவி ஆற்றியிருத்தலாகிய உரிப்பொருள் எங்ஙனம் அமைந்தது என்றே நோக்குவர். மலரின் பெயர் ஆண்டு ஓர் உலகத்திற்குக் குறியாய் நிற்கின்றது. பெரணியின் பெயரும் அங்ஙனமே நிற்கின்றது. விரைந்து ஆவியாவன முன்னும் மெல்ல ஆவியாவன பின்னும் தோன்றுதலின், முதற்கண் லாவெண்டரின் தெளிவும், இடையில் ஜெரேனியத்தின் பசுமையும், ஈற்றில் கூமரினும் பாசியும் கூடிய ஆழமும் முறையே புலனாகும். இக் கட்டளை வெண்பாவின் தளையை ஒப்பது. தளை ஒன்று, அதன்கண் நின்று பாடுவோர் பலர்.

அப் பலருள் நால்வரை ஒப்பிட்டுக் காண விரும்பி, நண்பர்பால் இரந்து பெற்ற நான்கு வாசனைநீர்களை, நாளுக்கு ஒன்றாக, மணிக்கட்டில் அணிந்து காலை முதல் மாலை வரை நோக்கினோம். 1964ஆம் ஆண்டில் தோன்றிய ‘புரூட்’ இனிமை மிக்கது. முகச்சவரம் முடித்தபின் பூசும் மாவினது மென்மை அதன்கண் உண்டு. எளிய விலைக்குக் கிடைத்தலின் அதனை இகழ்வார் பலர். கட்டளை வழுவாமையின் யாம் இகழோம். 1973ஆம் ஆண்டின் ‘பாக்கோ ராபான் பூர் ஓம்’ கசப்பான இலைகளும், நல்ல சவர்க்காரமும், சிறிது தேனும் ஒருங்கு நின்றாற்போன்றது. 1978ஆம் ஆண்டின் ‘அசாரோ பூர் ஓம்’ பெருஞ்சீரகத்தை ஒத்த வாசத்துடன் புகுந்து, தோலும் மரமும் கலந்த வெம்மையில் முடிவது. 1982ஆம் ஆண்டின் ‘டிராக்கர் நுவார்’ குளிர்ந்து கூரியது. புதிதாய் வெளுத்த ஆடையின் தூய்மையை நினைவூட்டுவது. டைஹைட்ரோமிர்சினால் என்னும் செயற்கைப் பொருளைப் பெருமளவில் ஏற்றமையால் அக் கூர்மை வந்தது.

இந் நான்கினுள் முதலிடத்தை யாம் பாக்கோ ராபானுக்கே அளிப்போம். மற்றவற்றில் ஓர் உறுப்பு ஏனையவற்றை விஞ்சி நிற்கின்றது: புரூட்டில் இனிமை, அசாரோவில் சீரகம், டிராக்கரில் குளிர்ச்சி. இதிலோ, எவ்வுறுப்பும் தன்னைத் தனித்துக் காட்டாது மாலை வரை ஒன்றற்கொன்று இடங்கொடுத்து நிற்கின்றது. வெயில் மிக்க நம் நாட்டில் அணிவோர்க்கு ஒன்று சொல்வோம்: கூமரினின் இனிமை வெம்மையில் பெருகுவது, ஆதலின் இவற்றுள் எதனையும் ஒரு துளிக்குமேல் அணிதல் அயலிருப்போர்க்கு இழைக்கும் தீங்காம்.

இக் குடும்பம் ஆடவர்க்கே உரியது என்பதும் வழக்கேயன்றி இயல்பு அன்று. 1889ஆம் ஆண்டில் எமே கெர்லேன் ஆக்கிய ‘ஜிக்கி’ இதே லாவெண்டரையும் கூமரினையும் கொண்டு எழுந்தது. அதனை இருபாலாரும் அணிந்து வந்துள்ளனர்.

இனி, இடர் யாது என்பதைக் கூறுவோம். ஓக்குப்பாசி என்பது ஓக் மரப்பட்டையில் படர்வது. பயிர்நூலார் அதனைப் பாசியென்னாது லைக்கன் என்பர். அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்னும் இரண்டும் சிலர்க்குத் தோலில் ஒவ்வாமையை விளைப்பன. ஆதலின் ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டில் விதி செய்து, ஒப்பனைப் பொருள்களில் அவை இரண்டையும் விலக்கியது. இதனை யாம் குறைகூறோம். மணத்தினும் உடல்நலம் பெரிது. ஆயின், இத்தகைய விதிகளாலும், விலை குறைக்கும் வேட்கையாலும் பழைய வாசனைநீர்கள் பல மாற்றியமைக்கப்பட்டும், புட்டியும் பெயரும் மாறாது நிற்கின்றன. மாற்றம் நிகழ்ந்த செய்தி அட்டைப்பெட்டியின்மேல் ஒரு வரியேனும் காணப்படுவது அரிது.

அதனால் கேடென்னை எனின், கூறுவோம். ரோசாவின் பெயரால் விற்கும் நீர் வேறுபட்டுப்போயின், தோட்டத்தில் ரோசா நின்று அதனைத் திருத்தும். பெரணியின் மணத்திற்கோ தோட்டத்தில் மூலம் இல்லை. ஆக்கியோன் வகுத்த கலவையே அதற்கு மூலம். அது மறைந்தால் ஒப்பிட்டுத் திருத்துதற்கு உலகில் வேறொரு சான்றும் இல்லை. நூலொன்றின் ஒரே ஏட்டுச்சுவடியைச் செல்லரித்தாற்போன்ற இழப்பு அது.

இவ்வுண்மையை உணர்ந்தோர் இலர் அல்லர். பிரான்சு நாட்டு வெர்சாய் நகரில் 1990ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஓஸ்மொத்தேக் என்னும் மணக்காப்பகம், வழக்கொழிந்த வாசனைநீர்களைப் பழைய முறைப்படியே ஆக்கிக் காத்து வருகின்றது. 1882ஆம் ஆண்டின் அரச பெரணியும் ஆண்டுள்ளது. ஊபிகான் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் அப் பெயரால் வெளியிட்டதோ புதுக்கி அமைத்ததொன்று.

மாற்றுதல் குற்றமன்று; மாற்றியதை மறைத்தலே குற்றம். சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் பதிப்பித்த சாமிநாதையரவர்கள், ஏடுகளில் வேறுபாடு கண்டவிடத்துப் பிரதிபேதங்களைக் குறித்துக் காட்டும் நெறியினைத் தம் பதிப்புக்களில் போற்றினார்கள். அதனால் கற்போர், தாம் கற்பது எது என்பதை அறிந்து கற்கின்றனர். வாசனை வல்லாரும் அந்நெறியைக் கைக்கொள்ளல் வேண்டும். ‘இன்ன ஆண்டில் திருத்திய கலவை’ என்று பெட்டியின்மேல் ஒரு வரி பொறித்தலால் அவர்க்கு வரும் நட்டம் சிறிது. வாங்குவோர்க்கு வரும் தெளிவு பெரிது. மண்ணில் விளையாத மணமொன்றை மனிதன் மனத்தில் விளைவித்தான். அதனைக் காக்கும் கடனும் அவனதே.