அப்பிள் கேக்கும் அடுத்த வீட்டு வாசலும்



இம்மாதம் உங்கள் அடுப்படிக்குள் வருகிறேன். மார்க்கம் பேச வேண்டிய மௌலவி மாவையும் சீனியையும் பற்றிப் பேசுவதா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். மருதமுனைக்கும் கல்முனைக்கும் நடுவில், பாண்டிருப்பு எல்லையை ஒட்டிக் குடியிருக்கும் ஒரு சகோதரி கேட்டனுப்பிய கேள்விதான் இதற்குக் காரணம். அவர் புதிதாக அப்பிள் மஃபின் சுடக் கற்றுக்கொண்டாராம். சிறு சிறு கடதாசிக் கிண்ணங்களில் சுட்டெடுத்து, மேலே பட்டரும் சீனியும் மாவும் சேர்ந்த உதிரி தூவிய கேக். முதல் தடவை நன்றாக வந்த சந்தோஷத்தில் 6 கேக்கைத் தட்டில் வைத்து, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். சற்று நேரத்தில் தட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டது. “கோயில் திருவிழா நாள், நாங்கள் மச்சம் தொடுவதில்லை. கேக்கில் முட்டை இருக்குமே, குறை நினைக்க வேண்டாம்” என்று அந்த அம்மா மரியாதையாகத்தான் சொல்லியனுப்பியிருக்கிறார். ஆனாலும் சகோதரிக்கு மனம் நொந்துவிட்டது. “இனி அனுப்பாமல் விட்டுவிடவா? மாற்று மதத்தவருக்குக் கொடுப்பதில் நன்மை உண்டா?” என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது நீண்ட விவாதத்துக்குரியது அல்ல. தமக்கு இரண்டு அயலார் இருந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, யாருடைய வாசல் உனக்குக் கிட்ட இருக்கிறதோ அவருக்கு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அளவுகோல் வாசல்தான். அந்த வாசலுக்குள்ளே இருப்பவர் யார் என்பது அங்கே நிபந்தனையாக வைக்கப்படவில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் திரும்பவும் விசாரித்ததை அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காணலாம். ஸூரத்துன் நிஸாவின் 36ஆம் வசனம் உறவுள்ள அயலாரையும் உறவில்லாத அயலாரையும் சேர்த்தே சொல்கிறது. ஸகாத்துக்கும் குர்பானிக்கும் தனிச் சட்டங்கள் உண்டு, அவை வேறு. நம் கையால் சுட்ட பலகாரம் ஹதியா. அதை யாருக்கும் கொடுக்கலாம்.

இன்னொரு ஹதீஸ் பெண்களையே விளித்துச் சொல்லப்பட்டது. ஆட்டின் குளம்பே ஆனாலும் அயல்வீட்டுக்காரிக்குக் கொடுப்பதை ஒருத்தி அற்பமாக எண்ண வேண்டாம் என்பது அதன் கருத்து. அதில் வரும் ‘ஃபிர்ஸின்’ என்ற சொல் உண்மையில் ஒட்டகத்தின் குளம்பைக் குறிப்பது. ஆட்டுக்கு இரவலாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அரபு வகுப்பில் இதை விளக்கும்போது மாணவர்கள் சிரிப்பார்கள், குளம்பை யார் சாப்பிடுவது என்று. விரிவுரையாளர்கள் சொல்வது என்னவென்றால், இந்தத் தடை இரு பக்கத்துக்கும் உரியது. இவ்வளவு சிறிதா என்று கொடுப்பவளும் தயங்கக் கூடாது, இதைப் போயா அனுப்பினாள் என்று பெறுபவளும் இகழக் கூடாது. ஒரு பெரிய கேக் சுட்டுத் துண்டு போட்டால்தான் மரியாதை என்று நினைக்கும் நம் பெண்களுக்கு இது பொருந்தும். மஃபினுக்கு அந்தச் சங்கடமே இல்லை. வெட்ட வேண்டியதில்லை, ஆளுக்கொன்று, சிறிய துண்டு யாருக்கு என்ற சண்டை பிள்ளைகளுக்குள் வராது.

இனி முதற் கேள்வி. தட்டு திரும்பி வந்தது அவமதிப்பா? சகோதரிகளே, கடையில் ஒரு வெனிலா எசன்ஸ் போத்தலை வாங்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? திருப்பிப் பார்த்து, ‘அல்கஹோல்’ என்றோ ‘எத்தனோல்’ என்றோ எழுதியிருக்கிறதா என்று தேடுகிறீர்கள். ஜெலட்டின் என்றிருந்தால் எந்தப் பிராணியினுடையது என்று கேட்கிறீர்கள். பிற மத வீட்டுக் கலியாணத்தில் ஐசிங் பூசிய கேக்கைக் கையில் தந்தால், வாங்கி வைத்துக்கொண்டு தயங்குகிறீர்கள். தந்தவரை அவமதிக்கும் எண்ணம் உங்கள் மனதில் துளியும் இருப்பதில்லை. அந்த அம்மா முட்டையைப் பற்றிச் சொன்னதும் அதே தயக்கம்தான். நம்முடைய ஹலால் பேணுதலை ஊரார் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், அவர்களுடைய சைவ நாளை அறிந்துவைத்திருப்பது அயலுரிமையில் சேர்ந்ததே.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் திருவிழா புரட்டாதி மாதத்தில் 18 நாட்கள் நடந்து தீமிதிப்போடு முடிவது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அந்நாட்களில் அக்கம்பக்கத்து வீடுகளில் மீனும் இறைச்சியும் முட்டையும் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை மச்சம் சேர்க்காத குடும்பங்கள் வருடம் முழுவதும் உண்டு. அவர்களுடைய வணக்கத்தில் நமக்குப் பங்கில்லை, அதில் நாம் கலந்துகொள்வதும் இல்லை. கோயிலுக்கென்று நாம் எதையும் செய்து அனுப்புவதும் இல்லை. வீட்டுக்கு வீடு கொடுப்பதென்பது வேறு. அங்கிருந்து வருவதற்கும் அதே எல்லைதான். படையலில் வைத்தது நமக்கு ஆகாது. படைக்காத பொங்கலும் முறுக்கும் அயலவரின் ஹதியா. விஷயம் தெரிந்த அம்மாமார் படைக்குமுன் தனியே எடுத்துவைத்து, “இது வேறாக எடுத்தது” என்று சொல்லியே அனுப்புவார்கள். அவர்களுக்கு நம் மஸ்அலா தெரிந்திருக்கிறது. நமக்கு அவர்களுடையது தெரிய வேண்டாமா?

ஆகவே சகோதரிக்கு என் பதில்: அனுப்புங்கள், ஆனால் முட்டையில்லாமல். இதில் சந்தோஷமான செய்தி என்னவென்றால், முட்டை செய்கிற வேலையை அந்த அப்பிளே செய்துவிடும். கேக்கில் முட்டையின் வேலை மாவை ஒட்டிப் பிடிப்பதும், ஈரத்தைக் காப்பதும், உப்ப வைப்பதும். அப்பிளில் பெக்டின் என்ற ஒட்டுப்பொருள் இருக்கிறது. ஜாம் கட்டியாவது அதனால்தான். அவித்து மசித்த அப்பிள் கால் கோப்பை ஒரு முட்டைக்கு ஈடு. பிடிப்பையும் ஈரத்தையும் அது தந்துவிடும். உப்பலுக்கு மட்டும் பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

அளவு சொல்கிறேன். இது எங்கள் வீட்டில் இரண்டு தடவை சுட்டுப் பார்த்த அளவு. வசனம் மட்டும்தான் என்னுடையது, கை வீட்டுக்காரியுடையது. 12 மஃபினுக்குக் கோதுமை மா 2 கோப்பை, அதாவது ஏறக்குறைய 250 கிராம். பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, கறுவாத் தூள் 1 தேக்கரண்டி. இவற்றை ஒன்றாக அரிதட்டில் இரண்டு முறை அரித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் சீனி முக்கால் கோப்பை, உருக்கி ஆறிய பட்டர் அல்லது எண்ணெய் அரைக் கோப்பை, பால் முக்கால் கோப்பை, மசித்த அப்பிள் அரைக் கோப்பை. முட்டை சேர்ப்பவர்கள் மசித்த அப்பிளுக்குப் பதில் 2 முட்டை அடித்து ஊற்றி, பேக்கிங் பவுடரை இரண்டரைத் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளலாம். இவை தவிர, நடுத்தர அளவு அப்பிள் 2 தோல் சீவிக் கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, கறுக்காமலிருக்கத் தேசிக்காய்ப் புளி சில துளி விட்டு, ஒரு கரண்டி மாவில் புரட்டி வையுங்கள். மாவில் புரட்டாவிட்டால் துண்டுகள் அடியில் போய்க் குந்திவிடும்.

மஃபினின் சூட்சுமம் கலக்குவதில் இருக்கிறது. நம் பெண்களுக்குப் பட்டர் கேக் அடித்துப் பழக்கம். கை ஓயும் வரை அடித்தால்தான் கேக் என்று நினைப்பார்கள். இங்கே அது கூடாது. கோதுமை மாவில் ஈரம் பட்டதும் குளூட்டன் என்ற பசை உண்டாகிறது. அடிக்க அடிக்க அது இறுகும். ரொட்டிக்கு அது நல்லது, மஃபினுக்குத் தோல் போல் இழுபடும். எனவே ஈரக் கலவையை மாவில் ஊற்றி, மரக்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டி, அப்பிள் துண்டுகளைச் சேர்த்து நிறுத்திவிடுங்கள். அங்கங்கே சிறு மாக்கட்டி தெரிந்தால் தெரியட்டும், வேகும்போது கரைந்துவிடும்.

மேலே தூவும் உதிரிதான் இந்தக் கேக்கின் அழகு. ஜேர்மானியர் இதை ‘ஷ்ட்ரொய்சல்’ என்பார்கள். தூவுவது என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மா அரைக் கோப்பை, சிவப்புச் சீனி கால் கோப்பை, கறுவாத் தூள் அரைத் தேக்கரண்டி, குளிர்ந்த பட்டர் 45 கிராம். பட்டரைச் சிறு துண்டாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் உதிர்த்துக்கொண்டே போங்கள். பிட்டுக்கு மா உதிர்க்கத் தெரிந்த கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளங்கை படக் கூடாது, சூட்டில் பட்டர் உருகிக் களியாகிவிடும். நம் கடற்கரை வெயிலில் பட்டர் வெளியே வைத்த உடனே இளகும். உதிர்த்து முடித்ததைப் பதினைந்து நிமிடம் பிரிட்ஜில் வைத்தெடுத்துத் தூவினால்தான் மணி மணியாக நிற்கும்.

கடதாசிக் கிண்ணத்தில் முக்கால் பங்கு கலவை விட்டு, உதிரியைத் தாராளமாகத் தூவி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 190 பாகை செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். ஈர்க்குக் குத்திப் பார்த்தால் ஒட்டக் கூடாது. ஓவன் இல்லாத வீட்டார் முந்திய காலத்து உம்மாமார் செய்தது போல் கனத்த சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, மூடிமேல் சிரட்டைத் தணல் போட்டுச் சுடலாம். மேல் நெருப்பு முக்கியம். ஆவியில் அவித்தால் கேக் வேகும், உதிரி மட்டும் நனைந்துபோகும்.

எசன்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். வேண்டாம். அதிகம் அருந்தினால் மயக்கும் பொருளில் சிறிதளவும் ஹராம் என்ற ஹதீஸை வைத்து, மதுசாரம் கலந்த எசன்ஸை விட்டு ஒதுங்குவதே பேணுதல். சுடும்போது ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில் திரவ மதுசாரம் நஜிஸ் என்பதால் அந்தச் சமாதானம் நமக்கு உதவாது. செயற்கை மதுசாரத்தின் மிகச் சிறிய அளவு பற்றி இக்கால அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கறுவா விளைகிற நாட்டில் இருந்துகொண்டு அந்தச் சர்ச்சைக்குள் போவானேன்? அப்பிளோடு சேரக் கறுவாவைப் போல் ஒரு வாசனை கிடையாது. மெல்லிய பட்டைகள் அடுக்கடுக்காகச் சுருண்டிருந்தால் அது நம் நாட்டுக் கறுவா. தடித்த ஒற்றைப் பட்டையாக இருந்தால் வெளிநாட்டுக் கசியா. வீட்டிலேயே இடித்து அரித்துக்கொள்ளுங்கள்.

(இடையில் ஒரு சொல். ஆதம் (அலை) அவர்கள் சாப்பிட்டது அப்பிள் என்று பிள்ளைகள் சொல்லக் கேட்கிறேன். அது ஐரோப்பியர் சித்திரங்களிலிருந்து வந்த கதை. குர்ஆன் ‘இந்த மரம்’ என்று மட்டுமே சொல்கிறது, பழத்தின் பெயரைச் சொல்லவில்லை. பாவம் அப்பிளைக் குற்றம் சொல்லாதீர்கள்.)

இவ்வளவு பாடுபட்டுச் சுட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புவது ஏன் என்று சிலர் நினைக்கலாம். நம் ஊர்களின் கிடப்பைப் பாருங்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரே கடற்கரையில், ஒரே பிரதான வீதியில், தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் குடியிருக்கிறோம். 1990இல் இரு சமூகமும் உயிர்களை இழந்தபோது இந்தத் தட்டுகள் போவதும் வருவதும் நின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது யார் வீடு என்று அது பார்க்கவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு மறுபடியும் ஒரு பார்வை, ஒரு தயக்கம். கல்முனை வடக்குப் பிரதேச செயலக இழுபறி வேறு. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று ஆண்கள் மேடையில் பேசிக்கொண்டிருக்கட்டும். ஒழுங்கையைக் கடந்து ஒரு தட்டை அனுப்ப எந்த வர்த்தமானி அறிவித்தலும் தேவையில்லை.

அனுப்பும்போது சில விஷயம். பிள்ளையிடம், “முட்டை போடவில்லை என்று உம்மா சொன்னா” என்று சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கவும் கூச்சப்படுவார்கள். இறைச்சி சமைக்கும் தாச்சியைத் தவிர்த்து, கழுவிய தட்டில், புதிய கடதாசிக் கிண்ணத்தோடே வையுங்கள். மாஜரீன் சேர்ப்பதானால் தாவர எண்ணெயால் ஆனதா என்று பாருங்கள். அது நமக்காகவும்தான். விரத நாளில் பிற வீட்டுச் சமையலையே தொடாத குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குத் திருவிழா முடிந்து மறுவாரம் அனுப்புங்கள், வற்புறுத்த வேண்டாம். தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தாலும் ஒன்றும் எண்ணாதீர்கள். அவசரத்தில் கழுவி அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்று. அப்பிளின் ஈரம் உள்ளிருந்து ஏறி மறுநாள் உதிரியை இளக்கிவிடும். கேக் கெடாது, மொறுமொறுப்புத்தான் போய்விடும். அதனால் அஸர் தொழுதுவிட்டுச் சுட்டால், சூடு ஆறியதும் மஃரிபுக்கு முன்பே பிள்ளையை அனுப்பிவிடுங்கள்.