வெட்கம் மருந்தாகாது



வழக்கமாக இங்கே இலக்கணத்தையும் தேர்வையும் பற்றி எழுதுவேன். இன்று ஆண்கள் பேசத் தயங்கும் ஒன்றை எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு, என் நாற்பத்து நான்காம் அகவையில், விந்தில் இரத்தம் கலந்திருக்கக் கண்டேன். வலி இல்லை, காய்ச்சலும் இல்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை. புற்றுநோயோ என்று அஞ்சினேன். துணைவியாரிடமும் சொல்லவில்லை, என் ஒழுக்கத்தை ஐயுறுவாரோ என்பது மற்றோர் அச்சம். சில நாள்களில் நிறம் பழுப்பானது. பிறகு மீண்டும் சிவந்தது. இப்படியே இரண்டு மாதங்கள் கழிந்தன. "ஐயம் இருந்தால் கையை உயர்த்துங்கள்" என்று நாள்தோறும் மாணவரிடம் சொல்லும் நான், என் ஐயத்தை எவரிடமும் கேட்கவில்லை.

இந்த அச்சத்திற்கு ஆழமான வேர் உண்டு. நூறு துளி இரத்தம் சேர்ந்தே ஒரு துளி விந்தாகிறது என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். விந்து கழிந்தால் உடலே அழியும் என்று நம்பிச் சோர்ந்துபோன ஆண்களின் நிலைக்கு, இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-இல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டார். 'தாது' என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இன்றும் இதே அச்சத்தை முதலாக்கி லேகியமும் பொடியும் விற்கிறார்கள். நானும் ஒரு பொட்டலம் வாங்கி உண்டேன். பணம் போனதுதான் கண்ட பயன்.

உண்மை என்ன? விந்தின் பெரும்பகுதி, விந்துப்பைகளும் புரோஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர்மமே. விதைகளிலிருந்து வரும் உயிரணுக்கள் அதில் மிகச் சிறு பங்கு. இவ்வுறுப்புகளில் அழற்சியோ தொற்றோ ஏற்பட்டால் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கசியும். புரோஸ்டேட்டில் ஊசியிட்டுத் திசு எடுத்தவர்களுக்குச் சில வாரங்கள் இவ்வாறு வருவது இயல்பு. பாலுறவால் பரவும் தொற்று, கல், நீர்க்கட்டி, காசநோய், உயர் இரத்த அழுத்தம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். பலருக்குக் காரணம் புலப்படாமலே தானாக நின்றுவிடும். புற்றுநோயால் வருவது அரிது. வயது கூடக்கூட அவ்வாய்ப்புச் சற்றுக் கூடும்.

ஒருமுறை கண்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுவதே நன்று. கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடலாகாது:

- வயது நாற்பதைக் கடந்திருத்தல்
- மீண்டும் மீண்டும் வருதல், அல்லது ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தல்
- சிறுநீரிலும் இரத்தம், எரிச்சல், சிறுநீர் கழிக்கச் சிரமம்
- விதையில் கட்டி அல்லது வீக்கம்
- காரணமின்றி எடை குறைதல், குடும்பத்தில் புரோஸ்டேட் புற்றுநோய்
- ஈறு, மூக்கு போன்ற பிற இடங்களிலும் இரத்தக்கசிவு

குளிர்காய்ச்சல், சிறுநீர் முற்றாக அடைபடுதல், விதையில் திடீர்க் கடும்வலி ஆகியவை வந்தால் அந்நேரமே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இறுதியில் அரசாங்கக் கிளினிக்கிற்குச் சென்றேன். குடிமக்களுக்கு அங்கே ஒரு ரிங்கிட்தான் கட்டணம். ஆசிரியரான எனக்கு அதுவும் இல்லை. மருத்துவர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. 'ஆயர்' என்று தொடங்கி, மேலே சொல்ல நா எழாமல் நிறுத்திவிட்டேன். "ஆயர் கென்சிங்? ஆயர் மானி?" என்று அவர் இயல்பாகக் கேட்டார். சிறுநீரா, விந்தா என்பதே வினா. அந்த இரண்டாம் சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. அவருக்கு இரண்டு நொடி போதுமாயிருந்தது.

சிறுநீரைச் சோதித்தார்; புரோஸ்டேட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். தொற்று இருந்தது. நான்கு வாரம் மாத்திரை உண்டேன், இரத்தம் நின்றது. தொற்று இருக்கும்போது பி.எஸ்.ஏ. அளவு பொய்யாக உயரும் என்பதால், அந்த இரத்தச் சோதனையைப் பின்னர் செய்தார்கள். முடிவு நன்றாகவே இருந்தது. ஆனால் என் இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது அன்றுதான் தெரிந்தது. அஞ்சிய நோய் இல்லை. அறியாத நோய் இருந்தது. துணைவியாரிடம் சொன்னபோது, "இதற்காகவா இத்தனை நாள் பேசாமல் இருந்தீர்கள்?" என்றார்.

குற்றம் என்னுடையது மட்டுமன்று. பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றிய பாடத்தை விரிவுரைஞர் விரைந்து கடந்தார். பின்னர் நலக்கல்விப் பாடத்தில் நானும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். வீட்டில் எவரும் படிப்பிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்க நேரலாம். சிறுவனுக்கு விதை முறுக்கிக்கொண்டால், ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் அறுவை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. சொல்ல வெட்கி, "வயிறு வலிக்கிறது" என்று அவன் மழுப்பினால் அந்நேரம் வீணாகும். கையையும் காலையும் சொல்லித் தருவதுபோல் இவ்வுறுப்புகளின் பெயர்களையும் நாம் சொல்லித் தருவோம். பெற்றோர்களே, அவன் அச்சொல்லைச் சொல்லும்போது அதட்டாதீர்கள்.

இவ்வாண்டு அந்தப் பக்கத்தை நான் புரட்டிவிட்டுப் போகமாட்டேன்.