பட்டம் வளர்ந்தது; உரிமை வளர்ந்ததா?

திண்டுக்கல் 1866-இல் நகராட்சியாயிற்று. 2014-இல் தஞ்சாவூரோடு சேர்ந்து மாநகராட்சியாயிற்று. 'முனிசிபாலிட்டி', 'கார்ப்பரேசன்' என்று வழங்கிய வாய்கள் நகராட்சி, மாநகராட்சி என்று நல்ல தமிழில் சொல்லப் பழகியமை மகிழத்தக்கதே. ஆயினும், பெயர் வளர்ந்த அளவுக்கு ஊராரின் உரிமை வளர்ந்ததா என்பதே நம் வினா.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி திண்டுக்கல்லின் மக்கள் 2,07,327 பேர். நகரின் பரப்போ ஏறத்தாழ 14 சதுரக் கிலோமீட்டர். அதற்கு முந்தைய பத்தாண்டில் நகரெல்லைக்குள் கூடியவர்கள் ஏறத்தாழப் பதினோராயிரம் பேரே. ஊர் வளரவில்லை என்பதன்று இதன் பொருள். உள்ளே இடம் நிறைந்தது. செட்டிநாயக்கன்பட்டிப் பக்கமும் அடியனூத்துப் பக்கமும் வீடுகள் எழுந்தன. மக்கள் எல்லையைத் தாண்டினர். கணக்கு எல்லைக்குள்ளேயே நின்றது.

ஓர் ஊர் பேரூராட்சியா, நகராட்சியா, மாநகராட்சியா என்பதை அரசு அறிவிக்கும்போது மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், உழவு சாராத் தொழில்களின் பங்கு ஆகியவற்றைக் கருத வேண்டும் என்கிறது 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தம். மக்கள்தொகை என்பது இறுதியாக வெளியிடப்பட்ட கணக்கின் தொகையே என்றும் அது வரையறுக்கிறது. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை. புதுத் தொகை வெளிவரும்வரை, 2011-இல் தொட்டிலில் கிடந்த குழந்தை சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் தொட்டிலில்தான் கிடக்கிறது!

வேல்சு நாட்டின் செயின்ட் டேவிட்சு என்னும் ஊர், ஈராயிரம் பேர்கூட இல்லாமலே 'சிட்டி' என்னும் பட்டம் தாங்கி நிற்கிறது. அங்கே அது வெறும் பெருமை. இங்கோ, பட்டம் மாறினால் வாழ்வே மாறுகிறது. ஓர் ஊராட்சி நகரோடு இணைக்கப்பட்டால், ஊரார் ஒருங்கே கூடிக் கணக்குக் கேட்கும் ஊரவை அன்றே மறைகிறது. ஊர்ப்புறத்தார்க்கென்று அமைந்த வேலையுறுதிச் சட்டத்தின் பயன் கூலியாளர் கையை விட்டுப் போகிறது. வீட்டுவரி நகரின் அளவுக்கு உயர்கிறது. குடிநீர் மட்டும் ஓர் அறிவிப்பால் பெருகிவிடுமா? ஆத்தூர்க் காமராசர் அணை நீரும் பேரணை நீரும் எல்லைக்கோட்டை அழித்து வரைவதால் ஒரு குடமும் கூடுவதில்லை.

ஆட்சியுரிமையின் கதை இன்னும் கசப்பானது. 2016-இல் மன்றத்தின் காலம் முடிந்தது. ஊர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2019-இல் தேர்தல் வந்தது. நகர்ப்புறத்தார் 2022 வரை காத்திருந்தனர். பெரிய பட்டம் பெற்ற ஊரில், ஐந்தாண்டுக்கு மேலாக மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் மன்றத்தில் இல்லை!

நகர் விரிவதை நாம் எதிர்க்கவில்லை. விரிந்துவிட்ட குடியிருப்புகளுக்குக் கழிவுநீர் வழியும் விளக்கும் சாலையும் வேண்டும். அவற்றை ஒரே ஆட்சி செய்வதும் நன்றே. ஆனால் எல்லையை மாற்றுமுன், எவ்வளவு நீர் எங்கிருந்து வரும், வரி எவ்வளவு உயரும், இழக்கும் வேலைக்கு ஈடு யாது என எழுத்தில் அறிவித்து, ஊரவையைக் கூட்டி ஒப்புதல் பெறுதல் வேண்டும். அதைச் சட்டமே கட்டாயமாக்குதல் வேண்டும்.

ஊர் என்பது தலைகளின் கூட்டுத்தொகை அன்று. எண்ணப்படும் மக்களே எண்ணிச் சொல்லும் உரிமையும் பெறுக!