அரஃபா நாளின் கடைசி ஒரு மணி நேரம்

துல்ஹஜ் பிறை ஒன்பது நெருங்கினாலே நம்ம வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சூடாகிடும். சவூதி பிறைப்படி நோன்பு வைக்கணுமா, உள்ளூர் பிறைப்படியா என்று முதலில் ஒரு விவாதம். அப்புறம் அரபியில் துஆ எழுதிய படங்கள், ஃபார்வர்டு மேல ஃபார்வர்டு. சாயங்காலமானா நோன்பு திறக்க என்ன வாங்கலாம்னு பேச்சு. அதுக்குள்ள மஃரிப் பாங்கு சொல்லிடுவாங்க. துஆவுக்கென்றே சிறப்பிக்கப்பட்ட நாளில் எல்லாமே நடந்திருக்கும், துஆவைத் தவிர!

பிற சமய நண்பர்களுக்காக ஒரு விளக்கம். பக்ரீத்துக்கு முந்தைய நாள்தான் அரஃபா நாள். மக்காவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரஃபாத் மைதானத்தில் ஹாஜிகள் அன்று நண்பகலிலிருந்து சூரியன் மறையும் வரை தங்குவார்கள். இது இல்லாமல் ஹஜ்ஜே இல்லை. லுஹர், அஸர் இரண்டு தொழுகைகளையும் சுருக்கி, சேர்த்து, லுஹர் நேரத்திலேயே முடித்துவிடுவதால் பிற்பகல் முழுவதும் துஆவுக்கே கிடைக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகாதவர்களுக்கு அன்று நோன்பு வைப்பது சுன்னத்.

கி.பி. 632-இல் நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜில் இதே இடத்தில்தான் பெரும் மக்கள் கூட்டத்துக்கு உரையாற்றினார்கள். அந்த உரையைப் பற்றி நாம நிறைய பேசுறோம். அதற்குப் பின் நடந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தொழுகை முடிந்ததும் கிப்லாவை நோக்கி, ஒட்டகத்தின் மேல், சூரியன் மறையும் வரை இருந்தார்கள். கையேந்தி துஆ செய்தபோது ஒட்டகத்தின் கயிறு நழுவி விழ, ஒரு கையால் அதை எடுத்துக்கொண்டு மறு கையை உயர்த்தியபடியே இருந்தார்கள் என்று உஸாமா (ரலி) அறிவிக்கும் செய்தி நஸாயீயில் உண்டு. சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும், அந்த நேரம் அவர்களுக்கும் இறைவனுக்கும் மட்டுமானதாக இருந்தது.

நமக்குக் குறைவது இந்தத் தனிமைதான். ஹஜ்ரத் துஆ ஓத, நாம ஆமீன் சொல்கிறோம். அது நல்லதுதான், விடச் சொல்லவில்லை. அரபி துஆக்களின் சிறப்பும் தனி. ஆனா அப்பாவின் கடன், அம்மாவின் முழங்கால் வலி, வீட்டில் இன்னும் சொல்லாத ரெண்டு அரியர், பேசாமல் போன நண்பன், இதெல்லாம் எந்த ஃபார்வர்டில் இருக்கு? அதை நீங்கதான் சொல்லணும். ஜகரிய்யா நபி தன் முதுமையையும் வாரிசு இல்லாத கவலையையும் மெல்லிய குரலில் தன் இறைவனிடம் சொன்னதைக் குர்ஆனே எடுத்துச் சொல்கிறது. தொழுகைக்கு வெளியே தமிழில் கேட்கத் தடையே இல்லை. வீட்டில் பேசும் தமிழே போதும்.

"கேட்டா அரியர் கிளியர் ஆயிடுமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். படிக்காமல் ஆகாது. துஆ படிப்புக்கு மாற்று இல்லை. கேட்டது கிடைக்கலாம், மறுமைக்காகச் சேர்த்து வைக்கப்படலாம், அல்லது வரவிருந்த ஒரு தீங்கு விலகலாம் என்று ஹதீஸ் சொல்கிறது. ஆக, கேட்டது வீணாகாது. கேட்காமல் விட்டால்தான் நஷ்டம்.

இப்போதெல்லாம் அரஃபா மே, ஜூனில் வருகிறது. செமஸ்டர், இன்டர்ன்ஷிப் என்று ஓடும் நேரம். முழு நாளும் ஒதுக்குங்கள் என்றால் முடியாது. ஒரு மணி நேரம் முடியும். எந்தப் பிறைக் கணக்குப்படி நோன்பு வைத்தாலும் சரி, மஃரிபுக்கு முந்தைய ஒரு மணி நேரம் போனை ரூமிலேயே வைத்துவிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடிக்கோ, பள்ளிவாசலின் ஒரு மூலைக்கோ போங்க. முதல் பத்து நிமிஷம் என்ன கேட்பதென்றே தெரியாது. பரவாயில்லை, எழுந்து வந்துடாதீங்க. மனசில் அடைத்து வைத்ததெல்லாம் அதுக்கப்புறம்தான் வெளியே வரும்.